ஊசி போட்ட பின்னரே ஆபத்து

தாதியாகக் கடமையாற்றும் மகளோ, மருமகளோ, பெறாமகளோ இல்லாத உறவு வட்டம் எமது தீவுப் பகுதிகளிலே குறைவு. ஒருத்தி ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் இருப்பாள். இன்னொருத்தி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில். வேறொருத்தி இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பாள். லீவிலே வீடு வந்தால், இராக் கடமை எப்படி, சாப்பாடு எப்படி என்று பெற்றோர் விசாரிப்பர். "உனக்கு எப்போதாவது ஊசி குத்தினதுண்டோ பிள்ளை?" என்று கேட்பவர் மிகச் சிலரே. அக்கறை இல்லாமையால் அல்ல. அப்படி ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கும், அவள் சொல்லும் பதிலை விளங்கிக்கொள்வதற்கும் வேண்டிய அளவுக்குச் சில விடயங்களை இங்கே எடுத்துக் கூறுகிறோம்.

ஊசிக்குத்து என்று நாம் இங்கே சொல்வது நோயாளிக்குப் போடும் ஊசியை அன்று. நோயாளியின் உடம்பில் ஏறி இறங்கிய ஊசி, அதன்பின் தவறுதலாகத் தாதியின் விரலிலோ உள்ளங்கையிலோ குத்திவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். காயம் மிகச் சிறியது. ஒரு துளி இரத்தம் வரும். சில வேளை அதுவும் வராது. காரைமுள்ளுக் குத்தினால் படும் வேதனைகூட இதில் இல்லை. ஆனால் அந்த ஊசியின் துவாரத்தினுள்ளே இன்னொருவரின் இரத்தம் தங்கியிருக்கிறது. அவருடைய இரத்தத்திலே நோய்க்கிருமி இருந்தால், அது நேரே தாதியின் உடம்பினுள் இறங்கிவிடுகிறது. தையல் ஊசியைவிடத் துவாரமுள்ள ஊசி ஆபத்தானது என்பதும், நாளத்திலிருந்து இரத்தம் எடுத்த ஊசி தசையிலே மருந்தேற்றிய ஊசியைவிட ஆபத்தானது என்பதும் இதனாலேயே.

உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகெங்கும் சுகாதார சேவையில் இருந்த 3 கோடியே 50 இலட்சம் பேரில் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் ஆண்டுதோறும் இப்படி இரத்தம் பட்ட கூரிய பொருள்களால் குத்துப்படுகிறார்கள் என்பது அந்தக் கணக்கு. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இதுவும் மதிப்பீடே, குத்துப்பட்டும் வெளியே சொல்லாதவர்கள் எங்கும் உண்டு. சொல்லாமல் விடுவதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

மூன்று கிருமிகள்

ஊசிக்குத்தினால் தொற்றக்கூடிய கிருமிகள் பல. அவற்றுள் மூன்றையே முக்கியமாகச் சொல்வார்கள். ஈரலைத் தாக்கும் பி வைரசு, அதே ஈரலைத் தாக்கும் சி வைரசு, எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. ஆகியன அவை. மாணவ தாதியர் இவற்றை 'மூன்று' என்ற எண்ணை வைத்தே மனனம் செய்வர். பி வைரசு மிகுதியாக உள்ள நோயாளியின் ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால் நூற்றுக்கு 30 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். சி வைரசானால் நூற்றுக்கு 3. பின்வந்த ஆய்வுகள் அதனிலும் குறைவு என்றே காட்டுகின்றன. எச்.ஐ.வி. ஆனால் ஆயிரத்துக்கு 3.

இந்த எண்களைப் பார்த்தவுடன் ஒரு விடயம் புலப்படும். எல்லாரும் அஞ்சுவது எயிட்சுக்கே. ஆனால் இலகுவாகத் தொற்றுவது பி வைரசு. செங்கண்மாரி என்று நம்மவர் பொதுவாகச் சொல்லும் நோய்க்கு இதுவும் ஒரு காரணம். சிலருக்குக் கண் மஞ்சளாகும், பசி கெடும், சில வாரங்களில் மாறிவிடும். சிலரிலோ சத்தமின்றித் தங்கி, பல ஆண்டுகளின் பின் ஈரல் சுருங்கவும் ஈரலிலே புற்றுநோய் உண்டாகவும் காரணமாகும். இந்த வைரசு காய்ந்த இரத்தத்திலும் ஒரு வாரம்வரை உயிரோடிருக்கும். நேற்றுப் பாவித்து மேசை ஓரத்திலே மறந்துவிட்ட ஊசி இன்று காய்ந்து கிடக்கிறதே என்று எண்ணி வெறுங்கையால் எடுப்பது சரியன்று.

எமது நாடு இந்த வகையிலே ஓரளவு அதிர்ஷ்டமுள்ளது. பி வைரசும் சரி, எச்.ஐ.வி.யும் சரி, இலங்கையில் குறைவாகவே காணப்படுகின்றன. ஆனால் அதிலிருந்தே ஓர் ஏமாற்றமும் பிறக்கிறது. தீவிலே கடமையாற்றும் தாதிக்கு நோயாளிகளில் அநேகரைத் தெரியும். "இவர் எங்கள் ஊர் ஐயாதானே, இவருக்கு என்ன இருக்கப்போகிறது?" என்று மனம் தளர்ந்துவிடும். கிருமி முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. இருபது ஆண்டுகள் வெளிநாட்டிலே வேலை செய்து திரும்பியவருக்கும், ஊரைவிட்டு அசையாதவருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே விதமான கவனத்தோடு ஊசியைக் கையாள வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ உலகின் விதி. இதனால் நோயாளிக்கும் மரியாதை கெடுவதில்லை.

குத்துக்காயத்தின் ஆபத்துப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரிலே கொலெற்ச்கா என்னும் மருத்துவப் பேராசிரியர் பிரேத பரிசோதனை செய்கையில், மாணவர் ஒருவரின் கத்தி அவருடைய விரலிலே தவறிக் குத்தியது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். அவருடைய நண்பர் செம்மல்வைஸ், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலிலே கண்ட அதே மாற்றங்களை நண்பரின் பரிசோதனை அறிக்கையிலும் கண்டு, மருத்துவர் கைகழுவவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். (தமிழிலே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன் யாழ்ப்பாணம் வந்ததும் அதே 1847இல்தான்.) கையைக் கழுவ உலகம் கற்றுக்கொண்டுவிட்டது. கூரிய முனையை எங்கே வைப்பது என்பதைக் கற்க இன்னும் நெடுங்காலம் சென்றது.

எந்த நேரத்தில் குத்துகிறது?

நோயாளி துள்ளும்போது குத்தும் என்றே பலரும் நினைப்பர். அதுவும் உண்டு. பிள்ளைக்கு ஊசி போடும்போது தாய் பரிதாபப்பட்டுப் பிள்ளையின் கையைச் சடுதியாக இழுத்தால், ஊசி தாயைக் குத்தலாம், தாதியையும் குத்தலாம். ஆகவே "மிஸி, நான் பிடிக்கவோ?" என்று கேட்டு, அவர் காட்டும் விதத்தில் பிள்ளையை மடியிலே அணைத்து இறுகப் பிடிப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஆனால் பெரும்பாலான குத்துகள் ஊசி போட்டு முடிந்த பின்னரே நிகழ்கின்றன. 1988இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஜனீன் ஜாகர் என்னும் அம்மையாரும் துணைவரும் 326 ஊசிக்குத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, பாவித்த ஊசிக்குத் திரும்ப மூடி போடுகையில் நேர்ந்தவை. இது ஏன் என்று வீட்டிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ஒரு பேனாவை எடுத்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு அதன் மூடியைப் போட்டுப் பாருங்கள். ஒரு கை மூடியைப் பிடிக்கிறது, மறு கை முனையை அதை நோக்கிக் கொண்டுவருகிறது. சற்றுத் தவறினால் முனை மூடிக்குள் போகாமல் மூடியைப் பிடித்த விரலுக்குள் போகும். பேனாவானால் மை படும்.

மூடி போடுவது கவலையீனத்தால் வந்த பழக்கமுமன்று. திறந்த ஊசியோடு விடுதியின் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம்வரை நடப்பது ஆபத்து என்று எண்ணி, பிறரைக் காப்பாற்றவே தாதியர் மூடினர். முன்னைய காலத்திலே கண்ணாடிச் சிறிஞ்சையும் உருக்கு ஊசியையும் கொதிநீரில் அவித்து மீண்டும் மீண்டும் பாவித்தார்கள்; மழுங்கிய ஊசியைக் கல்லிலே தீட்டியும் எடுத்தார்கள். ஊசியை எறிவது என்ற பேச்சே அப்போது இல்லை. ஒரு தரம் பாவித்து எறியும் பிளாஸ்ரிக் சிறிஞ்சு வந்த பின்னரே 'எங்கே எறிவது?' என்ற கேள்வி பிறந்தது. 1984இல் எச்.ஐ.வி. ஊசிக்குத்தின் வழியாகத் தாதி ஒருவருக்குத் தொற்றிய செய்தி மருத்துவ ஏட்டிலே வெளியானது. 1987இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், பாவித்த ஊசியை மூடவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம், கையால் கழற்றவும் வேண்டாம் என்று அறிவுறுத்தியது. மூடாமல், கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கும் தடித்த பெட்டியினுள் அப்படியே போடவேண்டும் என்பதே இன்று எங்கும் கற்பிக்கப்படும் முறை. பெட்டி எட்டத்தில் இருந்தால் இந்த விதி ஏட்டிலே மட்டுமே இருக்கும். மூடியே ஆகவேண்டிய அவசரம் வந்தால், மூடியைத் தட்டிலே படுக்கவைத்து, ஒரு கையாலேயே ஊசிமுனையால் அதைக் கோலி எடுக்க வேண்டும். மறு கை முதுகுக்குப் பின்னே இருக்கட்டும்.

பெட்டி இருந்தால் மட்டும் போதுமா? கரன் டேலி என்பவரின் கதை போதாது என்கிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் பெற்ற தாதி அவர். 1998 ஜூலையில் இரத்தம் எடுத்த ஊசியை விதிப்படி பெட்டியிலே போடப் போனார். கையுறையும் அணிந்திருந்தார். பெட்டியின் வாயிலே நீட்டிக்கொண்டிருந்த வேறொரு ஊசி அவருடைய விரலிலே குத்தியது. சில மாதங்களின் பின் எச்.ஐ.வி.யும் சி வைரசும் இரண்டுமே தொற்றியுள்ளன என்று தெரியவந்தது. விரும்பி ஏற்ற நோயாளர் பராமரிப்பு வேலையை அவர் கைவிட நேர்ந்தது. ஆனால் அவர் மறைந்து வாழவில்லை. தன் பெயரையும் முகத்தையும் காட்டிச் சட்டசபைகளிலே சாட்சி சொன்னார். 2000 நவம்பர் 6இல், பாதுகாப்பான ஊசிகளை வைத்தியசாலைகள் வாங்கியே ஆகவேண்டும் என்னும் சட்டத்தில் அந்நாட்டு ஜனாதிபதி கையொப்பமிட்டார். 2010இல் அமெரிக்க தாதியர் சங்கத்தின் தலைவியாக அவர் தெரிவானார்.

அச்சட்டம் சொன்ன 'பாதுகாப்பான ஊசி' என்பது, மருந்தேற்றி முடிந்ததும் முனை உள்ளே இழுபட்டுக்கொள்ளும், அல்லது ஓர் உறை அதை மூடிக்கொள்ளும் வகை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் 2008 முதல் வைத்தியசாலைகளில் இது கட்டாயம். ஆகவே ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் கேட்டால் அவள் இதை நன்கு விபரிப்பாள். தடுப்பூசிக்குப் பாவிக்கும், ஒரு முறைக்குமேல் இயங்காத சிறிஞ்சு வேறு. அது நோயாளிக்குப் பழைய ஊசி போடப்படாமல் காக்கிறது. முனையோ திறந்தபடியே இருக்கும். இரண்டையும் ஒன்றென மயங்கக்கூடாது. விலை கூடிய ஊசி எல்லா வைத்தியசாலைக்கும் உடனே வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பெட்டி விலை குறைந்தது. அது முக்கால்வாசி நிறைந்ததும் மூடிக் கட்டி அகற்றப்பட வேண்டும். கடல் கடந்து பொருள் வரவேண்டிய நெடுந்தீவு, நயினாதீவு போன்ற இடங்களில் மருந்துக் குளிகையை எண்ணுவதுபோல் இந்தப் பெட்டிகளையும் எண்ணி, முடியுமுன் கேட்டு எடுப்பது அவசியம். நிறைந்த பெட்டிக்குள் 'இன்னும் ஒன்று போகும்' என்று அமத்துவதே டேலிக்கு நேர்ந்ததைப் போன்ற விபத்துகளுக்கு வழி. குப்பைப் பையிலே போட்ட ஊசியோ தாதியை விட்டுவிட்டு, அதைத் தூக்கிச் செல்லும் சிற்றூழியரின் காலைக் குத்தும். எந்த நோயாளியின் ஊசி என்று அறியவும் வழியிருக்காது. அவர் படும் ஆபத்தைப் பற்றிப் பேசுவாரும் குறைவு.

கடல் நடுவே இருக்கையில்

குத்துப்பட்டதும் செய்யவேண்டிய முதற்காரியம் மிக எளிது. ஓடும் நீரிலே சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். பிதுக்குவதோ, வாயில் வைத்து உறிஞ்சுவதோ, காரமான மருந்துகளை ஊற்றுவதோ கூடாது. அதன்பின் உடனே பொறுப்பு வைத்தியருக்கு அறிவித்து, பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டும். நோயாளியின் சம்மதத்தோடு அவருடைய இரத்தமும், தாதியின் இரத்தமும் பரிசோதிக்கப்படும்.

இங்கேதான் நேரம் பெறுமதியாகிறது. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்று வைத்தியர் கருதினால் கொடுக்கும் தடுப்பு மாத்திரைகளை முதல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே தொடங்குவது உத்தமம். 72 மணித்தியாலங்கள் கடந்தால் பயன் இல்லை எனலாம். 28 நாட்கள் விடாது உட்கொள்ள வேண்டும். இத்தகைய மாத்திரை உட்கொண்டவர்களில் தொற்று ஐந்தில் நான்கு பங்கு குறைந்ததாக 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பி வைரசுக்கு எதிரான விசேட ஊசிமருந்து, தடுப்பூசி போடாதவர்களுக்கு 24 மணித்தியாலத்துக்குள் கிடைப்பது நல்லது.

நெடுந்தீவிலே இரவுக் கடமையில் இருக்கும் ஒரு தாதியை நினைத்துக்கொள்வோம். நேரம் நள்ளிரவு. சேலைன் ஏற்றிய ஊசி விரலிலே குத்திவிட்டது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போகவேண்டும். வாடைக்காற்று மூசும் மார்கழியிலும் சோளகம் எழும்பும் ஆனி, ஆடியிலும் படகு ஓடாத நாட்களும் உண்டு. காலைவரை பொறுக்கலாம் என்று எண்ணுவாள். காலையிலே கடமை மாறும், களைப்பு, பிறகு பார்க்கலாம் என்று போகும். ஆகவே தீவிலுள்ள வைத்தியசாலையில் முதல் நாளைக்கு வேண்டிய மாத்திரை எங்கே இருக்கிறது, இல்லாவிட்டால் எவருக்குத் தொலைபேசி எடுப்பது, இரவிலே படகு ஒழுங்கு செய்பவர் யார் என்பன முன்னதாகவே எழுதிச் சுவரிலே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். குத்துப்பட்ட இரவிலே தேடக்கூடாது. இதைக் கேட்டு அறிய வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் உரிமை உண்டு. கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் பணம் சேர்க்கும் வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களும் இந்தச் சிறிய காரியத்தை ஒருமுறை விசாரிக்கலாம்.

கடலைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது வாய் திறவாமை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் தடுப்பு மாத்திரைக்கும் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தை நாடவேண்டி வரலாம். திருமணமாகாத ஒரு தாதி அந்தப் படியேறினால் ஊர் என்ன கதைக்கும்? தீவிலே யார் வீட்டுப் பிள்ளை எந்தப் படகிலே போனது, எங்கே இறங்கியது என்பதெல்லாம் மாலைக்குள் சந்தி முழுவதும் தெரியும். கலியாணம் பேசி வருகிற நேரமானால் சொல்லவே வேண்டாம். "ஒன்றுமில்லையம்மா, சின்னக் கீறல்" என்று சொல்லி மறைத்துவிடுகிறாள். மேலதிகாரி, 'கவனமில்லாமல் குத்திக்கொண்டாய்' என்று ஏசுவார் என்ற பயமும் அதோடு சேர்கிறது. குத்துப்பட்டவரைக் குற்றவாளியாக்கும் விடுதியிலே பதிவேடு வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் பார்த்து, 'எங்களிடம் இந்தப் பிரச்சினை இல்லை' என்றும் சொல்லிவிடுவார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது இங்கே நிறைய உண்டு. மகள் சொன்னால் முதலில் அழாதீர்கள், ஏசாதீர்கள், "வெளியிலே சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள். அவளோடு கூடச் செல்லுங்கள். தகப்பனோ தமையனோ பக்கத்தில் இருந்து போனால் ஊரின் வாய் பாதி அடைபட்டுவிடும். அந்த மாத்திரை குமட்டலையும் களைப்பையும் தரலாம். 28 நாளும் சாப்பாட்டைக் கவனித்துக் கொடுக்க வீட்டிலே ஒருவர் வேண்டும். சில கிழமைகளிலும் சில மாதங்களிலும் மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். மணமானவளாயின், இறுதிப் பரிசோதனை முடியும்வரை கணவனுக்குத் தொற்றாதிருக்கவும், கர்ப்பம், தாய்ப்பால் ஆகியவை பற்றியும் வைத்தியர் சொல்லும் அறிவுரையைக் கணவனும் கூட இருந்து கேட்பது நல்லது. ஆயிரத்தில் 997 பேருக்கு, மாத்திரை இல்லாமலேயே, எச்.ஐ.வி. தொற்றுவதில்லை என்பதை அந்த மாதங்களிலே அவளுக்கு நினைவூட்டிக்கொண்டிருங்கள். சி வைரசு தொற்றினாலும், எட்டுப் பன்னிரண்டு கிழமை மாத்திரையால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வந்த மருந்துகள் இவை. நேரத்தோடு கண்டுபிடித்தாலே இந்தப் பயன்.

வீட்டு ஊசியும் தடுப்பூசி அட்டையும்

வைத்தியசாலைக்கு வெளியிலும் ஊசிகள் உண்டு. சீனி வருத்தத்துக்கு வீட்டிலேயே இன்சுலின் போடுபவர்கள் பாவித்த ஊசியை எங்கே போடுகிறார்கள்? கிணற்றடி, வேலியோரம், கடற்கரை. நெடுந்தீவிலே கல்வேலிப் பொந்துகளுக்குள் செருகுவதும் நடக்கக்கூடியதே. பிள்ளைகள் கைவிடும் இடமும் அதுவே. குப்பையோடு எரித்தால் பிளாஸ்ரிக் உருகும், ஊசி சாம்பலுக்குள் கூராகவே இருக்கும். திருகுமூடியுள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் போட்டு, முக்கால்வாசி நிறைந்ததும் மூடி, கிளினிக்குக்குப் போகும் நாளில் கையோடு கொண்டு சென்று தாதியரிடம் கேட்டு ஒப்படையுங்கள். மெல்லிய தண்ணீர்ப் போத்தலை ஊசி துளைத்துவிடும்.

கடைசியாக, குத்து நேருமுன்னரே செய்யக்கூடியது. பி வைரசுக்குத் தடுப்பூசி 1980களிலிருந்தே உண்டு. வளர்ந்தவர்களுக்கு மூன்று ஊசிகள்: முதலாவது, ஒரு மாதத்தின் பின் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. பலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பயிற்சிக்கால இடமாற்றங்களிலே மூன்றாவது மறந்துபோகிறது. மூன்றும் முடித்து ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்தால் பாதுகாப்பு உண்டாகியுள்ளதா என்று தெரியும். நூற்றுக்கு 90 பேருக்குக் குறையாமல் உண்டாகும். உண்டாகாதவர்களுக்கு இன்னொரு சுற்றுப் போடுவார்கள். இலங்கையிலே குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி 2003 முதல் படிப்படியாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. ஆகவே அதற்கு முன் பிறந்த தாதியர், சிற்றூழியர், ஆய்வுகூடப் பணியாளரில் அநேகர் குழந்தைப் பருவத்தில் இதைப் பெற்றிருக்கமாட்டார்கள். பின்னர் பிறந்த பிள்ளைகள் இப்போதுதான் தாதியர் கல்லூரிகளுக்குள் காலடி வைக்கிறார்கள். அவர்களும் கைக்குழந்தையில் போட்டதை நம்பி இருந்துவிடாமல் இரத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மகளின் தடுப்பூசி அட்டை வீட்டு அலுமாரியில் எங்காவது இருக்கும். பயிற்சிக்குப் புறப்படும் பெட்டியிலே அதையும் வைத்துவிடுங்கள்.